முருகேசுக்கு ஒரு ஆள்

அந்த அக்காவிடம் ஃபெயிலாகாத ஆள் எங்கள் பள்ளங்கியில் கிடையாது. டீக்கடைக்காரர் ஃபெயில், அவர் சம்சாரம் ஃபெயில், ரிட்டயர்டு டீச்சர் ஃபெயில், கொடைக்கானல் பஜாரில் பூண்டு வாங்குகிற பாய் ஃபெயில். ஜீப் ஓட்டுகிற நானும் ஃபெயில். பத்தாம் வகுப்பில் கணக்கில் ஃபெயிலானது எனக்கு எப்போதோ மறந்துவிட்டது. அக்கா போட்ட ஃபெயில் இன்னும் உறுத்துகிறது.

என்ன பரிட்சை என்று கேட்பீர்கள். அக்காவுக்கு ஒரு தம்பி, முருகேசு. முப்பதைத் தாண்டிய ஆள். மீசை உண்டு. முழு உரமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மேடேறுவான். ஆனால் பிறந்ததிலிருந்தே புத்தி வளர்ச்சி குறைவு. பேச்சு மெதுவாகத்தான் வரும். தனியாக பஸ் ஏறத் தெரியாது, கையெழுத்துப் போடத் தெரியாது, யாராவது ஏமாற்றினால் ஏமாற்றுகிறார்கள் என்பதும் தெரியாது. அப்பா எப்போதோ போய்விட்டார், சில வருஷம் கழித்து அம்மாவும். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சரிவில் கொஞ்சம் நிலம், அதில் பூண்டும் கேரட்டும், ஒரு தகரக் கூரை வீடு, இவர்கள் இரண்டு பேர். அவ்வளவுதான் குடும்பம்.

'எனக்கப்புறம் இவனுக்கு யாரு?' அக்காவின் தலைக்குள் இந்த ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. தூங்கும்போதும் ஓடியிருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு ஓர் ஆள் தேடித்தான் ஊர் முழுக்கப் பரிட்சை வைத்தாள்.

சொல்லிவிட்டு வைக்கிற பரிட்சையா அது? "இவன் செத்த நேரம் இங்கன இருக்கட்டுங்க. எனக்கு ஒரு சோலி கெடக்கு, வெரசா வந்துர்றேன்" என்று தம்பியை விட்டுவிட்டுப் போவாள். எங்கேயும் போக மாட்டாள். மினி பஸ் திரும்புகிற இடத்தில் ஒரு சைப்ரஸ் மரம் இருக்கிறது, அதன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். மெலிந்த உடம்பு, சேலைக்கு மேலே அப்பாவின் பழைய ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர். மரம் மறைத்தாலும் மஃப்ளர் தெரியும். ஊருக்கே தெரியும் அவள் அங்கே நிற்கிறாள் என்று. தெரிந்தும் எல்லோரும் ஃபெயிலானோம் என்பதுதான் வேடிக்கை.

டீக்கடையில் விட்டுப் பார்த்தாள். கடைக்காரரும் அவர் சம்சாரமும் தங்கமான மனிதர்கள். முருகேசு பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் ஒரு போண்டாவைக் கையில் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் அக்கா என் ஜீப்பில் வந்தபோது தீர்ப்புச் சொன்னாள்.

"நல்லவங்கதான் தம்பி. ஆனா..."

இந்த 'ஆனா' வந்தால் முடிந்தது. மேற்கொண்டு அப்பீல் கிடையாது.

"ஆனா என்னக்கா? திங்கத்தானே குடுத்தாங்க, அடிச்சாங்களா?"

"அவன் வாயத் தொறக்கத் தொறக்க போண்டாவ வச்சு அடைக்கிறாங்க. அவன் என்ன சொல்ல வந்தான்னு ஒருத்தராச்சும் கேட்டாங்களா?"

டீச்சரம்மா பெரிய படிப்பாளி. கொடைக்கானலில் கான்வென்டில் இருந்து ரிட்டயராகி எங்கள் ஊருக்கு வந்து தோட்ட வீடு கட்டிக் குடியிருந்தவர். முருகேசை உட்கார வைத்து இங்கிலீஷ் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, கைதட்டி, கன்னத்தைத் தட்டி, "குட் பாய்" என்றார். அவனும் சந்தோஷமாகத்தான் இருந்தான். அக்கா மரத்துக்குப் பின்னாலிருந்து விறுவிறுவென்று வந்துவிட்டாள். "டீச்சர், அவனுக்கு மீச மொளச்சு ரொம்ப நாளாச்சுங்க" என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். டீச்சரம்மா ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை.

பாய் கதை இன்னும் மோசம். பூண்டு சீசனில் அக்கா மூட்டையோடு பஜாருக்குப் போனால், பாய் தன் நாற்காலியை விட்டு எழுந்து முருகேசை அதில் உட்கார வைப்பார். டீ சொல்லுவார், பன் சொல்லுவார். அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் பக்கத்துக் கடைக்காரரிடம், "பாவங்க, அல்லா இந்தப் புள்ளைய இப்படிப் படைச்சுட்டான்" என்று சொன்னது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. ஃபெயில். "பாவம்னு நெனச்சுச் சோறு போட்டா அந்தச் சோறு எத்தன நாளைக்கு வரும் தம்பி?" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. "உங்களுக்கு ஆகாசத்துல இருந்துதான் ஆள் வரணும்" என்று சொல்லிவிட்டேன். "வந்தாலும் பாத்துத்தான் விடுவேன்" என்றாள்.

என் பரிட்சையைச் சொல்லாமல் விட்டால் மனசு ஆறாது. ஒருநாள் தாண்டிக்குடிக்குச் சவாரி போனேன், காப்பித் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு. "முருகேச முன்சீட்ல உக்கார வச்சுக்கிட்டுப் போய்ட்டு வா, அவனுக்கு ஜீப்புன்னா உசுரு" என்றாள் அக்கா. சரி என்றேன். திரும்பி வரும்போது ஒரு பெரியவர் ஏறினார். முருகேசைப் பார்த்து, "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். அவன் யோசித்தான். உதடு அசைந்தது, இன்னும் சத்தம் வரவில்லை. நான் வளைவைத் திருப்பிக்கொண்டே, "பள்ளங்கிங்க" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான்.

"அவனுக்குத் தெரியும்ல ஊரு பேரு?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல். தூக்கிவாரிப் போட்டது. மூட்டைகளுக்கு நடுவே சால்வையைப் போர்த்திக்கொண்டு அக்கா! எங்கே ஏறினாள், எப்போது ஏறினாள், சத்தியமாக எனக்குத் தெரியாது. வண்டி ஓட்டுகிறவன் பதில் சொல்வது ஒரு குற்றமா? இன்றைக்கும் கேட்கிறேன், குற்றமா? "ஒரு நிமிசம் பொறுக்க முடியல ஒனக்கு" என்றாள். முருகேசு எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, ரொம்ப நேரம் கழித்து, "பள்ளங்கி" என்றான்.

இப்படி எல்லோரையும் படுத்துகிறாளே என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்ததுண்டு. ஐப்பசி மழையில் நடந்த அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்குச் சர்க்கரை இருந்தது. காலையில் சாப்பிடாமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனவள் பூண்டுப் பாத்தியில் மயங்கி விழுந்துவிட்டாள். முருகேசு கூடத்தான் இருந்தான். மேட்டுக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கூப்பிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. குடையை விரித்து அக்காவின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி உட்கார்ந்திருந்தான். மத்தியானம் கேரட் மூட்டை ஏற்றப் போன நான்தான் பார்த்தேன். அவனுக்கு உதடு நீலம் பாரித்துப் போயிருந்தது. அக்காவின் முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அக்கா அழவில்லை. "இவன் இப்படியே உக்காந்திருப்பான் தம்பி. நான் செத்துக் கெடந்தாலும் கொடையப் புடிச்சுக்கிட்டு உக்காந்தே இருப்பான்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

அதற்கப்புறம்தான் நிலத்துச் சமாச்சாரம் வந்தது. நிலம் அப்பா பேரிலேயே கிடந்தது. அதை அக்கா, தம்பி இரண்டு பேர் பெயருக்கும் மாற்ற வேண்டும் என்று கிராம அதிகாரியைப் பார்க்கப் போனாள். கூட நானும் போயிருந்தேன். அதிகாரி நல்ல மனிதர், பொறுமையாகத்தான் சொன்னார்.

"ஒங்க தம்பியும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும்மா. அவரால முடியாதுன்னா அவருக்குச் சட்டப்படி ஒரு கார்டியன் வேணும்."

"நாந்தாங்க கார்டியன்."

"யாரு போட்டாங்க?"

"யாருங்க போடணும்? எங்கம்மா சாகும்போது அவன் கையப் புடிச்சு என் கையில குடுத்துட்டுப் போச்சு."

"அது ஒங்க வீட்டு விசயம். பதினெட்டு வயசு தாண்டுனா சட்டத்துக்கு அவரு பெரிய ஆளு. அதுக்கப்புறம் பெத்த தாயே ஆனாலும் மனு போட்டுத்தான் கார்டியன் ஆக முடியும். கலெக்டர் தலைமையில கமிட்டி இருக்கு. அவங்க விசாரிச்சு, இன்னாருன்னு போடுவாங்க."

அக்கா எழுந்து வெளியே வந்தாள். ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். நான் வண்டியைக் கிளப்பவில்லை. "அப்ப இத்தன வருசமா நான் அவனுக்கு யாரு?" என்று கேட்டாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

மனு போட்டாள். போட்ட கொஞ்ச நாளில் வத்தலக்குண்டிலிருந்து சித்தப்பாவும் ஒரு மனு போட்டுவிட்டார். அம்மா செத்ததற்கு வந்து, இலையில் சாப்பிட்டுப் போனவர், அதற்கப்புறம் எட்டிப் பார்க்காதவர். கல்யாணம் ஆகாத பொம்பளை, சர்க்கரை நோய்க்காரி, மலையில் தனியாக இருக்கிறாள், அண்ணன் மகனைப் புகைக்குள் அடைத்து வைத்திருக்கிறாள், நானே கார்டியனாக இருந்து அவனையும் அவன் பங்கையும் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாராம். புகை என்று அவர் எழுதியதுதான் விவகாரமாகிவிட்டது.

எங்கள் மலையில் பூண்டைக் கட்டுக் கட்டாகக் கட்டி அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவோம். புகை பட்டால்தான் விதைப்பூண்டு கெடாமல் நிற்கும். அடுத்த நடவு வரை அந்த அறையில் ஜன்னலைத் திறக்க மாட்டோம். அது எங்களுக்கு வழக்கம். முருகேசுக்கு அந்த அறைதான் சொர்க்கம். கட்டுகிற வேலை முழுக்க அவன்தான், அவனைப்போல இறுக்கமாகக் கட்ட ஊரில் ஆள் இல்லை. கட்டி முடித்தாலும் வெளியே வரமாட்டான். மார்கழிக் குளிருக்கு அங்கே கதகதப்பாக இருக்கும். பூண்டைப் பார்த்துக்கொண்டே அடுப்பு ஓரம் உட்கார்ந்திருப்பான்.

விசாரிக்க வந்த ஆபீசர் கீழ்நாட்டுக்காரர், மலை வழக்கம் தெரியாதவர். சொல்லாமல் வந்தார், அதுதான் முறையாம். அக்கா வயலில் இருந்தாள். ஆபீசர் கதவைத் தள்ளினால் உள்ளே ஒரே புகை, ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது, மூலையில் முகமெல்லாம் கரியாக முருகேசு. "யாருப்பா உன்னை இங்க உட்கார வச்சது?" என்று கேட்டிருக்கிறார். முருகேசு யோசித்து, "அக்கா" என்று சொல்லியிருக்கிறான். அவனுக்கு எந்தக் கேள்விக்கும் முதலில் வருகிற பதில் அதுதான். ஆபீசர் இருமிக்கொண்டே வெளியே வந்தார். கண்டதை எழுதிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

கீழே விசாரணைக்கு வரச்சொல்லித் தகவல் வந்தது. அக்கா என்னிடம் வந்து, "நாளைக்கு வெள்ளனே வண்டி வேணும் தம்பி" என்றாள்.

"யாரையாச்சும் சாட்சிக்குக் கூப்பிடலாமேக்கா."

"எந்த மூஞ்சியோட கூப்பிடச் சொல்ற? ஒருத்தரையாச்சும் மிச்சம் வச்சிருக்கேனா?"

கையை ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டாள். "அவனக் குடுத்துருவாங்களோ தம்பி?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வேறு இடத்தில் வாய் நன்றாக வந்தது. டீக்கடையில் சொன்னேன், டீச்சரம்மா வீட்டில் சொன்னேன், பாய்க்குப் போன் போட்டுச் சொன்னேன்.

விடிவதற்கு முன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு போனால், சைப்ரஸ் மரத்தடியில் டீக்கடைக்காரரும் சம்சாரமும் நிற்கிறார்கள். கடைக்குப் பூட்டு. அந்தக் கடை பூட்டி நான் பார்த்ததே இல்லை. டீச்சரம்மா பட்டுச்சேலையும் கைத்தடியுமாக முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அக்கா வாசலுக்கு வந்து பார்த்தவள் பார்த்தபடி நின்றாள்.

"ஏறுங்கக்கா, மழ வரப்போகுது."

"இவங்கெல்லாம் எங்க வராங்க?"

"எங்களுக்கும் கீழ ஒரு சோலி கெடக்கு" என்றார் டீக்கடைக்காரர், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. பஜாரில் பாய் ஏறினார். முருகேசுக்குப் பன் வாங்கி வைத்திருந்தார். கொடுப்பதற்கு முன்னால் அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முருகேசு, ஒனக்கு வேணுமா?" என்று அவனிடமே கேட்டார். அவன் பதில் சொல்லும்வரை பன்னை நீட்டிக்கொண்டே காத்திருந்தார். ஜீப் வெள்ளி நீர்வீழ்ச்சி வளைவைத் தாண்டும்போதுதான் "வேணும்" என்றான்.

ஆபீசில் மேஜைக்குப் பின்னால் ஓர் அம்மா இருந்தார், கமிட்டிக்காகக் கேட்டு எழுதுகிறவர். சித்தப்பா வெள்ளைச் சட்டையில் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். "அத நான் நல்லபடியாப் பாத்துக்கிறேம்மா. கீழ ஒரு விடுதி இருக்கு, அதுல சேத்துட்டா அதுக்கும் நிம்மதி, எல்லாருக்கும் நிம்மதி" என்றார். அது, அது என்று ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அக்காவின் தோள் குலுங்கியது. அந்த அம்மா புகை விஷயத்தைக் கேட்டார். ஊரையே கேள்வி கேட்டவள், ஒரு கேள்விக்கு வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

பாய்தான் எழுந்தார். "அம்மா, புகை போடாத பூண்ட நானே வாங்க மாட்டேன். அங்க எல்லா வீட்லயும் அப்படித்தாங்க." டீக்கடைக்காரர் சம்சாரம், "எங்க வீட்டுக்காரரும் குளிர்காலத்துல அந்த அடுப்படிய விட்டு நகர மாட்டாரும்மா, இவரையும் நான் அடச்சு வச்சிருக்கேன்னு எழுதுவீங்களா?" என்றார். டீச்சரம்மா இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். நானும் பேசினேன். அந்தக் குடையைச் சொன்னேன்.

"நீங்க எல்லாம் இவங்களுக்கு என்ன சொந்தம்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"சொந்தமெல்லாம் இல்லைங்க. இந்தப் பையனப் பாத்துக்க லாயக்கில்லன்னு இவங்க கழிச்சுவிட்டவங்க" என்றார் டீக்கடைக்காரர். "எங்களையே கழிச்சவங்க, வேற யாரு கையிலயும் ஏமாந்து அவன விடமாட்டாங்க."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முருகேசைப் பார்த்து, யாரோடு இருக்கப் பிரியம் என்று கேட்டார். காத்திருந்தார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். சித்தப்பா மட்டும், "அதுக்கு என்னம்மா தெரியும்" என்றார். "நான் அவர்கிட்ட கேட்டேன்" என்றார் அந்த அம்மா. முருகேசு, "அக்கா" என்றான்.

அக்காவையே கார்டியனாகப் போடும்படி எழுதுவதாகச் சொன்னார். நாங்கள் கிளம்ப எழுந்துவிட்டோம். எனக்குப் பசி வேறு. அக்கா மட்டும் எழவில்லை.

"ஒரே ஒரு சந்தேகங்க. எனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

"அப்போ புதுசா ஒருத்தரைப் போடுவாங்கம்மா. அதுக்கு யாராவது மனு குடுக்கணும்."

"யாருங்க குடுக்கணும்?"

"அவருக்கு வேண்டப்பட்டவங்க யாராவது."

"நாந்தாங்க அவனுக்கு வேண்டப்பட்டவ. நான் செத்துட்டா எப்படிங்க வந்து மனு குடுப்பேன்?"

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "இவ்வளவு பேர் வந்திருக்கீங்க. அவங்களுக்கு அப்புறம் முருகேசனை நான் பாத்துக்கிறேன்னு சொல்ல ஒருத்தர் இருக்கீங்களா? இப்பவே எழுதி வச்சுக்கிறேன்."

டீக்கடைக்காரரும் சம்சாரமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சரம்மா கைத்தடியைத் தடவினார். அவரைப் பார்த்துக்கொள்ளவே ஆள் இல்லை. பாய் தொப்பியைக் கழற்றி மாட்டினார். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள், வாடகை வீடு. காரணம் சொன்னால் நிறையச் சொல்லலாம். உண்மை என்னவென்றால், பயம். ஒரு நாள் சவாரிக்கு அவனை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொள்வேன். சாகும்வரை என்றால் பயமாக இருந்தது. அக்கா திரும்பி எங்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அப்போது முருகேசு கையைத் தூக்கினான். நன்றாக உயரத் தூக்கினான்.

"நான்" என்றான். "முருகேச நான் பாத்துக்கிறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா அந்தக் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டாள். அவன் மறுபடியும் தூக்கினான்.